அப்பாவை ஊருக்கு அழைத்துப் போகும் முன்: ராத்திரி இரண்டு மணிக்கான ஏற்பாடு

கேள்வி இதுதான். கே.ஆர்.புரத்தில் இருக்கும் ஒருவருடைய அப்பாவுக்கு 71 வயது. வயிற்றில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் இனி கீமோ கொடுத்துப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அரூர் பக்கம் உள்ள சொந்த ஊருக்கே போக வேண்டும் என்கிறார். அங்கே அம்மாவும் தம்பி மனைவியும் பார்த்துக்கொள்வார்கள், இவர் சனி ஞாயிறு போய்வருவார். கிராமத்தில் வைத்துச் சமாளிக்க முடியுமா, என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் பகலை மனதில் வைத்துத் திட்டம் போடாதீர்கள். ராத்திரி இரண்டு மணியை வைத்துப் போடுங்கள். பகலில் அரூர் அரசு மருத்துவமனை இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது, தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி கிளம்பினாலோ, மூச்சு இழுத்தாலோ, இருப்பது வீட்டு ஆட்களும் ஒரு டார்ச் லைட்டும்தான். கையில் மருந்தும், எடுத்த முடிவும், எடுக்கிற போன் நம்பரும் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் 108-க்குத்தான் அடிப்பார்கள். வீட்டில் போக வேண்டிய உயிர் தர்மபுரி போகும் வழியில் வேனில் போகும். பாசக் குறையால் இப்படி ஆவதில்லை. அந்த ஒரு ராத்திரிக்கு யாரும் தயாராக இல்லாததால்தான் ஆகிறது.

பெங்களூரை விட்டுக் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலைதான் அதிகம். முதலில் நீங்கள் பார்க்கும் ஆஸ்பத்திரியின் வலி மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. புற்றுநோய் மருத்துவர் எழுதித் தந்த டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: நோய் என்ன, எந்த நிலையில் இருக்கிறது, ஐசியூ, வெண்டிலேட்டர், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது ஆகியவை வேண்டாம் என்று நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசி முடிவானது, இப்போது கொடுக்கும் மருந்துகளும் அளவும், சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டிய எண். ஐந்து பிரதி எடுங்கள். ஒன்று கட்டில் தலைமாட்டில் பிளாஸ்டிக் கவரில் தொங்கட்டும், ஒன்று ஊரில் பார்க்கப்போகும் மருத்துவரிடம், ஒன்று தம்பியின் சட்டைப்பையில். உயில் போல முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து போதும். அப்பா தெளிவாக இருக்கிறார் என்றால் செய்யலாம். ஆனாலும் கிராமத்து வீட்டில் உதவப்போவது அதைவிட அந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

அடுத்தது மார்ஃபின் என்ற வலி மருந்து. இதைப் பற்றி வீட்டில் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட வேண்டும். "அது கடைசியில் கொடுக்கிற மருந்து", "பழக்கமாகிவிடும்", "அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். புற்றுநோய் வலிக்குச் சரியான அளவில் கொடுத்தால் இதில் எதுவும் நடப்பதில்லை. நடப்பது என்னவென்றால், பயந்துகொண்டு அம்மா ஒரு வேளையை விட்டுவிடுவார், வலி ஏறிவிடும், ஏறின வலியை இறக்க இரண்டு மடங்கு மருந்து தேவைப்படும். சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் வலி வந்த பிறகு கொடுப்பது தவறு, கடிகாரத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வழக்கமாக மருத்துவர்கள் எழுதுவது காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10 என்று. ராத்திரி பத்து மணிக்கு இரட்டை அளவு எழுதுவது எதற்கென்றால், இரண்டு மணிக்கு யாரும் எழ வேண்டாம் என்பதற்காகத்தான். நடுவில் வலி கிளம்பினால் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை முறை கொடுக்கலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் ஒரு வேளை அளவையே கூடுதலாகத் தரச் சொல்வார்கள். கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று அடுத்த வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. கொடுத்த நேரத்தை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளில் எத்தனை கூடுதல் மாத்திரை போனது என்ற கணக்கை வைத்துத்தான் மருத்துவர் போனிலேயே அளவை மாற்றிச் சொல்ல முடியும்.

மார்ஃபின் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையவே குறையாது. ஆகவே மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. இங்கேதான் ஒரு ஏமாற்று வேலை நடக்கும். ஐந்தாறு நாள் மலம் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்துகிற மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே கல்லாக இறுகி அடைத்திருக்கும் மலத்தின் ஓரமாகக் கசிவதுதான் அது. செவிலியர் கையுறை போட்டுப் பார்த்து எடுக்க வேண்டும் அல்லது எனிமா கொடுக்க வேண்டும். இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது மலமிளக்கியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் பேச வேண்டும்.

அப்பாவுக்குக் கல்லீரல் பாதித்திருப்பதால் இரண்டு விஷயம். காமாலை ஏறினாலோ சிறுநீர் குறைந்தாலோ மார்ஃபின் உடம்பில் தங்க ஆரம்பிக்கும், அளவைக் குறைக்கவோ இடைவெளியைக் கூட்டவோ வேண்டிவரும். மருந்து தொடங்கிய நாட்களிலும் அளவைக் கூட்டிய நாட்களிலும் தூங்குபவரைக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் கவலை இல்லை. உலுக்கியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் கீழே போகிறது, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் போன் செய்யுங்கள். கைகால் திடீர் திடீரென்று துடித்தாலும் சொல்ல வேண்டும். இரண்டாவது, பாரசிட்டமால். கடையில் கிடைக்கிறது என்று கணக்கில்லாமல் கொடுக்காதீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் யாராவது கல்லீரலுக்கு என்று லேகியமோ சூரணமோ கொண்டுவருவார்கள். சண்டை போட வேண்டாம், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்க வேண்டாம்.

மாத்திரைக்குப் பதில் ஃபென்டனில் பட்டை, அதாவது தோலில் ஒட்டும் வலி மருந்து, எழுதியிருந்தால், ஒன்று ஒட்டினால் 72 மணி நேரம். ஒட்டிய உடனே வேலை செய்யாது, அரை நாளுக்கு மேல் ஆகும். அதுவரை பழைய மருந்து தொடர வேண்டும். பட்டை இருக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. வெப்பம் பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும். கடும் காய்ச்சலிலும் அப்படித்தான்.

மார்ஃபினை எல்லாக் கடையும் விற்க முடியாது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் திருத்தம் வந்து நடைமுறை எளிதாகியிருந்தாலும், பெரும்பாலும் அனுமதி பெற்ற மருத்துவ நிறுவனங்களில்தான் கிடைக்கும். ஆகவே கிளம்பும்போதே இருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று எண்ணிப்பாருங்கள், தீருவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்க வேண்டும். சனிக்கிழமை வருகிறீர்களே, அந்த வேலை உங்களுடையது. மருந்துச்சீட்டின் நகலை மாத்திரையோடு சேர்த்தே வையுங்கள், வழியில் யார் கேட்டாலும் காட்டலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கிடைக்குமா என்பதையும் கிளம்பும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டுமல்ல, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கு வரும். வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் இருப்பார். ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்துவிட்டு, அந்தச் செவிலியரின் எண்ணை வாங்குங்கள். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புண் கட்டுவது, மலம் எடுப்பது எல்லாம் அவர் கைக்குப் பழகிய வேலை. தினமும் வர அவரால் முடியாது, அவருக்கு ஒரு வட்டாரமே இருக்கிறது. முதல் தடவை வரும்போதே அம்மாவுக்கும் தம்பிக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

பயணம். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஏறக்குறைய நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தால் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இறக்கிவிடலாமா என்று கேளுங்கள். வயிறு இறுகியிருக்கும்போது உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. வண்டி ஏற முக்கால் மணி நேரம் முன்பு வலி மருந்து கொடுத்துவிடுங்கள், வழியில் வரும் வேளைக்கான மாத்திரை உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது. கடைசி பத்து கிலோமீட்டர் ஊர்ச் சாலையில்தான் வலி தெரியும். போவதாக முடிவெடுத்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். நடந்து வண்டி ஏறுகிற நிலையிலேயே போய்விட வேண்டும். ஓடும் வண்டியில் உயிர் பிரிந்தால் முதலில் வண்டி நிற்கும் இடத்தில் பதிய வேண்டும் என்பது விதி. அது ஓசூரா கிருஷ்ணகிரியா என்று அலைய வேண்டிய நிலைமை யாருக்கும் வேண்டாம்.

வீட்டில் எந்த இடம்? திண்ணையில் போட்டால் காற்று வரும், ஆனால் தெருவே பார்த்துக்கொண்டு போகும், மலஜலம் மாற்ற மறைவு இருக்காது. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட அறை மதியத்தில் அடுப்பாகிவிடும். ஜன்னல் உள்ள, கழிப்பறைக்கு அருகில் உள்ள, ஓட்டுக் கூரையோ தளமோ போட்ட அறை நல்லது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். கயிற்றுக் கட்டில் நடுவில் குழியும், திருப்பிப் படுக்கவைக்க முடியாது. பலகைக் கட்டிலில் மெத்தை, அதன் மேல் காற்றுப் படுக்கை. காற்றுப் படுக்கை பெங்களூரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அதன் பம்பு இழுக்கும் மின்சாரம் சொற்பம், சின்ன இன்வெர்ட்டரே போதும். போட்டுவிட்டு மேலே ரப்பர் ஷீட், ஜமக்காளம், போர்வை என்று அடுக்கினால் அதை வாங்கியதே வீண். மேலே ஒரு பருத்தித் துணி மட்டும்தான். காற்று போதுமா என்று பார்க்க, அப்பாவின் இடுப்புக்கு நேர் கீழே படுக்கைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். அவர் உடம்பு கையில் இடித்தால் காற்று பற்றவில்லை. பூனை ஏறும் வீடாக இருந்தால் நகம் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுப் படுக்கை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். படுக்கைப் புண் ஒரே ராத்திரியில் தொடங்கும், ஆற மாதங்கள் ஆகும். இந்த நிலையில் பெரும்பாலும் ஆறாமலே போகும். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பு எலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதி சாய்வாக வைத்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்கவிடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது, உள்ளே நைந்த சதை இன்னும் கிழியும். வளையம் மாதிரி காற்று ட்யூப் விற்பார்கள், வாங்க வேண்டாம், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். புண் வந்துவிட்டால், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு போட்டு ஆறவைத்துக் கழுவுங்கள். பழைய வெள்ளை வேட்டியைத் துண்டு துண்டாக வெட்டித் துவைத்து, ஒரு டப்பாவில் போட்டு குக்கரில் வேகவைத்து, காயவைத்து எடுத்தால் கட்டுத்துணி தயார். நாற்றம் இருந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கிப் புண்ணில் தூவச் சொல்வார்கள், இரண்டு மூன்று நாளில் நாற்றம் குறைந்துவிடும். மாடு கட்டும் வீடென்றால் ஈ ஒரு பெரிய தொல்லை. பகலிலும் கொசுவலை கட்டுங்கள். திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும்.

திருப்புவதில் அம்மாவின் முதுகு போய்விடக் கூடாது. பழைய காட்டன் புடவையை நாலாக மடித்து அப்பாவின் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்துவைத்தால், இரண்டு பேர் இரண்டு பக்கமும் புடவையைப் பிடித்து இழுத்து நகர்த்தலாம். ஆளைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும். ஒருவரே திருப்ப வேண்டியிருந்தால், எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, கையை நெஞ்சின் மேல் வைத்து, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துத் தன் பக்கம் உருட்ட வேண்டும், தூக்கக் கூடாது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. மாமனாரின் மலஜலத்தை மருமகள் மாற்றுவது அவருக்கும் கூச்சம், அந்தப் பெண்ணுக்கும் கூச்சம். அதனாலேயே அவர் சொல்லாமல் அடக்கிக்கொண்டு ஈரத்தில் கிடப்பார். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, மாலை வந்ததும் ஒருமுறை தம்பி செய்யட்டும். பகலில் அம்மா. மருமகளுக்குச் சமையலும் மருந்துக் கணக்கும் போதும், அதுவே முழுநேர வேலை. ராத்திரியை இரண்டாகப் பிரியுங்கள், பத்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஆறு. நீங்கள் சனிக்கிழமை போனால் விருந்தாளியாக உட்காராமல் இரண்டு ராத்திரியும் முழுதாக நீங்கள் பாருங்கள், அவர்கள் தூங்கட்டும். பணம் அனுப்புவதைவிட அது பெரிய உதவி.

சாப்பாடு. இரைப்பையிலேயே நோய் என்பதால் நாலு கரண்டிக்கு மேல் இறங்காது. கேட்டதை, கேட்ட நேரத்தில், கொஞ்சமாக. கேழ்வரகுக் கூழோ கஞ்சியோ எதுவானாலும் தலையையும் முதுகையும் உயர்த்தி, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டி. பிறகு அரை மணி நேரம் அப்படியே சாய்ந்திருக்கட்டும். விக்கல் நிற்காமல் வந்தால் அதற்கும் மருந்து உண்டு, கேளுங்கள். போகப்போக வேண்டாம் என்பார். அம்மாவுக்கு இதுதான் தாங்காது, "பட்டினி போட்டுக் கொல்றோமே" என்பார். உடம்பு அடங்கிக்கொண்டு வரும்போது பசி தானாகவே போய்விடுகிறது என்பதை மருத்துவர் வாயாலேயே அவரிடம் சொல்லவையுங்கள். நீங்கள் சொன்னால் எடுபடாது.

அடுத்தபடி யாராவது சொல்வார்கள்: "ஒரு குளுக்கோஸ் ஏத்தினா தெம்பா இருக்கும்ல?" அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, இரண்டு இட்லிக்கு ஈடான தெம்பு. கடைசி நாட்களில் சிறுநீரகம் தண்ணீரை வெளியே தள்ளாது. ஏற்றிய நீர் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் போய்த் தங்கி மூச்சுத் திணறலைக் கூட்டும். வாய் உலர்வதற்கு டிரிப் தீர்வல்ல, வாயைத் துடைப்பதுதான் தீர்வு. அரை லிட்டர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்பும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து, விரலில் சுற்றிய மெல்லிய துணியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நாக்கு, ஈறு, கன்னத்தின் உள்பக்கம் துடைத்துவிட்டு, உதட்டில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். நாக்கில் வெள்ளையாகப் படிந்து துடைத்தும் போகவில்லை என்றால் அது பூஞ்சை, அதற்கு வாயில் தடவும் மருந்து தருவார்கள்.

மூச்சுத் திணறலுக்கு முதல் மருந்து விசிறி. முகத்துக்கு நேராக மேசை விசிறி, திறந்த ஜன்னல், முதுகுக்குத் தலையணைகள், சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புவது. குறைந்த அளவு மார்ஃபினே மூச்சிரைப்பையும் தணிக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பவருக்கு மட்டும்தான் ஆக்சிஜன் பயன்படும். மருத்துவர் சொன்னால் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் கரண்ட் போனால் நின்றுவிடும். துணைக்கு வைக்கும் பி டைப் சிலிண்டரில் 1500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் வரும். கணக்கை அப்படித்தான் போட வேண்டும்.

இப்போது அந்த ராத்திரிப் பெட்டி. ஒரு டிபன் டப்பாவில் இவை இருக்கட்டும்: மார்ஃபின் மாத்திரை, அமைதியின்மைக்கு மருத்துவர் எழுதிய மருந்து, வாந்திக்கு ஒன்று, தொண்டைச் சளிக்கு ஒன்று, ஆசனவாயில் வைக்கும் மருந்துகள், ஊசி இல்லாத 2 மி.லி. சிரிஞ்சுகள், கையுறை, பஞ்சு. ஒவ்வொன்றின் மேலும் எதற்கு, எவ்வளவு என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். விழுங்க முடியாமல் போகும் நாளில் என்ன செய்வது என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையை நசுக்கி ஓரிரு மி.லி. தண்ணீரில் கரைத்துக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே சிரிஞ்சால் சிறிது சிறிதாக விடலாம். மெதுவாக வெளிவரும் வகை மாத்திரையை நசுக்கவே கூடாது, பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வயிற்றுப் புற்றுநோயில் ரத்த வாந்தி வர வாய்ப்பு உண்டு. வெள்ளைத் துண்டில் ஒரு டம்ளர் ரத்தம் ஒரு குடம் போலத் தெரியும். மெரூன் அல்லது காப்பிக்கலர் துண்டு நாலு கட்டிலருகே வைத்திருங்கள். வந்தால் பக்கவாட்டில் திருப்பி, துண்டைக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, டப்பாவில் உள்ள அமைதி மருந்தைக் கொடுங்கள்.

கடைசி இரண்டு மூன்று நாளில் என்னவெல்லாம் வரும் என்பதை அம்மாவும் தம்பியும் முன்பே அறிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். நாள் முழுக்கத் தூக்கம். சிறுநீர் குறைந்து டீ டிகாக்ஷன் நிறமாகும். கைகால் சில்லிட்டு, முழங்காலில் நீலம் பாரித்த திட்டு விழும். மூச்சு வேகமாகப் போய், மெல்லக் குறைந்து, அரை நிமிடம் நின்று, மறுபடி தொடங்கும். சிலர் போர்வையைப் பிய்ப்பார்கள், எழுந்து வீட்டுக்குப் போகணும் என்பார்கள், எப்போதோ இறந்த அம்மாவைக் கூப்பிடுவார்கள். அமைதியில்லாமல் புரண்டால் தூக்க மருந்தைத் தேடும் முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். எட்டுப் பத்து மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் அடிவயிறு பந்துபோல் இருந்தால் காரணம் அதுதான். குழாய் போட்டிருந்தால் அது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது.

தொண்டையில் கரகரவென்று இழுக்கும் சத்தம் கேட்பவர்களைத்தான் வதைக்கும், அவரை அல்ல. விழுங்காத எச்சில் அங்கே நின்று மூச்சில் அசைகிறது, அவ்வளவே. பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள், சளி மருந்தைச் சீக்கிரமே தொடங்குங்கள். குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாம். இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பால் ஊற்றச் சொல்வார்கள். நினைவில்லாதவர் வாயில் சங்கு நிறையப் பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும், புரைக்கேறித் திணறியே போவார். சடங்கை மறுக்க வேண்டாம், முறையை மாற்றுங்கள். பஞ்சை பாலிலோ துளசித் தண்ணீரிலோ நனைத்து, பிழிந்து, உதட்டிலும் நாக்கு நுனியிலும் தொட்டுவைத்தால் போதும். பேரன் பேத்தி எல்லோரும் தொட்டுவைக்கலாம். தலைமாட்டில் நின்று "இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கே" என்று பேசுபவர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்துங்கள். காது கேட்கிறது என்று வைத்துக்கொண்டே அந்த அறையில் பேச வேண்டும்.

எல்லா ஏற்பாட்டையும் ஒரே நிமிடத்தில் கலைப்பவர் கடைசி நாளில் வந்து இறங்கும் உறவினர். மூன்று மாதமாக வராத சித்தப்பாவோ பெரிய மாப்பிள்ளையோ வந்து, "இப்படியே விட்டுட்டீங்களா, தூக்குங்கடா ஆஸ்பத்திரிக்கு" என்பார். குற்ற உணர்ச்சிதான் அப்படிப் பேசவைக்கும். அம்மாவால் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் இப்போதே எல்லோரையும் போனில் கூப்பிட்டு, அப்பா வாயாலேயே ஊரில்தான் இருக்கப்போகிறேன் என்று சொல்லவையுங்கள். முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்று ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. வழியிலேயே உயிர் போய் உடலாக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனால், அங்கே அவரைத் தெரியாத பணி மருத்துவர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கலாம், பிரேதப் பரிசோதனை வரை பேச்சு போகலாம்.

பேச முடிகிற நாட்களிலேயே வேறு வேலையும் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் அவர் பெயரில் இருக்கிறதா, வங்கிக் கணக்குக்கு நாமினி யார், பட்டா யார் பெயரில் என்று கேளுங்கள். பத்திரம் பதிய வேண்டியிருந்தால், எழுந்து வர முடியாதவருக்கு சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிய 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மயக்கத்தில் இருப்பவர் கட்டைவிரலை மையில் தேய்ப்பது மட்டும் வேண்டாம், அது பிறகு அண்ணன் தம்பியைக் கோர்ட்டில் நிறுத்தும்.

இத்தனையும் படித்துவிட்டு அம்மாவால் ஆகாது என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவுதான். பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் கருணாஸ்ரயா இருக்கிறது, இனி குணமாக்க முடியாத புற்றுநோயாளிகளைக் கட்டணம் இல்லாமல் உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள், நகருக்குள் வீட்டுக்கும் வருவார்கள். கே.ஆர்.புரத்திலிருந்து தினமும் போய்வரலாம். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்ப அழைத்துவருவதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சித்திரவதை.

உயிர் பிரிந்ததும் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தாடையைக் கட்டி, கைகாலை நேராக்குவதை இரண்டு மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும், பிறகு விறைத்துவிடும். சிறுநீர்க் குழாயை அப்படியே இழுக்காதீர்கள், உள்ளே 10 மி.லி. அளவு தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கும். பக்கக் குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி அந்தத் தண்ணீரை எடுத்த பிறகு தானாக வரும். எதிர்பார்த்த இறப்பு என்பதால் போலீஸுக்கு வேலை இல்லை. முன்பே பார்த்துவைத்த உள்ளூர் மருத்துவரிடம் கடிதத்தின் பிரதியைக் காட்டி இறப்புக் காரணச் சான்றை, அதாவது படிவம் 4ஏ-வை, வாங்குங்கள். கிராமத்தில் இறப்பைப் பதிபவர் விஏஓ. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் வருவாய்த் துறை உத்தரவு என்று நீளும். பதியும்போது பெயரும் முதலெழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று நின்று பாருங்கள், வங்கியில் சிக்குவது அங்கேதான். மீதி மார்ஃபினை எண்ணி, கொடுத்த இடத்திலேயே ஒப்படையுங்கள், குப்பையிலோ பீரோவிலோ விடாதீர்கள். காற்றுப் படுக்கையைச் சொந்தமாக வாங்கியிருந்தால் அந்த வட்டாரச் செவிலியரிடம் கொடுங்கள், எந்த வீட்டுக்கு உடனே வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.